என் சகலையும் திருகுக்கொம்பு ஆடும்

என் சகலையைப் பத்தி யாராவது நல்லவிதமா பேசினா எனக்குப் பத்திக்கிட்டு வரும். நல்லவன்தான், யார் இல்லைன்னா? ஆனா ஒரு நல்ல மனுஷனோட ஒரே கட்டடத்துல இருபது வருஷம் வேலை பார்த்துப் பாருங்க, அப்புறம் வந்து என்கிட்ட பேசுங்க.

நான் அருங்காட்சியகத்துல தச்சன். கண்ணாடிப் பெட்டி, கதவு, மேடை, நாற்காலி, எது ஆடினாலும் எனக்குத்தான் ஆள் வரும். அவன் அங்கேயே தூசி தட்டுறவன். என் பொண்டாட்டியோட தங்கச்சியைக் கட்டினவன். அந்த வேலையில அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். இதை வருஷத்துக்கு நாலு தடவையாவது அவனுக்கு ஞாபகப்படுத்துவேன். அவனும் ஒவ்வொரு தடவையும் இப்பதான் முதல்ல கேக்கிற மாதிரி, “ஆமா சகலை, நீங்க இல்லைன்னா நான் ஏது?”ன்னுவான். பதிலுக்கு ஒரு வார்த்தை சண்டைக்கு வந்தாலாவது மனசு ஆறும். வர மாட்டான்.

கட்டடத்துல எல்லாரும் அவனைத் ‘தூசி’ன்னுதான் கூப்பிடுவாங்க. அவனுக்குக் கோவமே கிடையாது. ஒரு தடவை ஆபீஸ்ல இருந்து பதிவேட்டுல இருக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. யாரையோ கூப்பிடுறாங்கன்னு இவன் பாட்டுக்குத் துடைச்சுக்கிட்டே இருந்தான். நான் போய் முதுகுல ஒண்ணு வெச்சு, “யோவ், நீதான்யா அது”ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

அவன் பொறுப்புல இருந்தது மாடியில மூணாவது கூடம். ஆசியாவோட மலை மிருகங்கள். காட்டுச் செம்மறி, காட்டாடு, யாக்குங்கிற சடைமாடு, இன்னும் மலையில மேயுற பெரிய பெரிய உருப்படிங்க. எல்லாம் பாடம் பண்ணினது. மேல நிஜத் தோல், உள்ள வைக்கோலும் கம்பியும், முகத்துல கண்ணாடிக் கண்ணு. மொத்தம் பதினாலு பேர். ‘பேர்’னு நான் சொல்லலை, அவன் சொல்றது.

வாசல்லயே ஆர்காலின்னு ஒரு செம்மறிக் கிடா நிக்கும். ரெண்டு காதுக்குப் பக்கத்துலயும் கொம்பு சுருண்டு சுருண்டு, ஒரு கொம்பைத் தூக்கவே மூச்சு வாங்கும். அதுக்கு அந்தப் பக்கம் ஐபெக்ஸ் ஜோடி, கொம்பு முதுகைத் தொடுற அளவுக்கு வளைஞ்சிருக்கும். அடுத்தது நீலச்செம்மறி. பேருதான் அப்படி. நீலமும் கிடையாது, சரியான செம்மறியும் கிடையாது, பேர் வெச்ச புண்ணியவானைத்தான் கேக்கணும். அப்புறம் டாக்கின்னு ஒண்ணு. மாட்டு உடம்பு, ஆட்டுக் காலு, மூக்கு வீங்கிப்போயி, ஜலதோஷம் பிடிச்ச எங்க மாமனாரை அப்படியே உரிச்சு வெச்சிருக்கும். என் சகலை தினமும் அதுக்கு மட்டும், “வணக்கம் மாமா, மூக்கு தேவலையா?”ன்னு கேட்டுட்டுத்தான் துடைப்பான். இதை நான் வீட்டுல ஒரு தடவை உளறிட்டேன். அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து எங்க ரெண்டு பேரையும் ஒரு வாரம் நிக்க வெச்சுக் கேட்டாங்க.

ஒரு மூலையில பனிச்சிறுத்தை சாக்குல செஞ்ச பாறை மேல படுத்திருக்கும். அதை அவன் எப்பவும் கடைசியாத்தான் துடைப்பான். முதல்லயே துடைச்சா அது சுறுசுறுப்பாயிடுமாம், ஆடுங்க பயப்படுமாம்! இதையெல்லாம் சிரிக்காம சொல்லுவான், அதுதான் கொடுமை. ஆபீஸ்ல ஆட்டு முடியில செஞ்ச பிரஷ் வாங்கிக் குடுத்தாங்க. வேணவே வேணாம்னுட்டான். “சொந்தக்காரங்க முடியால சொந்தக்காரங்களையே துடைக்கிறதா சார்? நம்மளை யாராவது அப்படிப் பண்ணினா சும்மா இருப்போமா?”ன்னு கேட்டான். ஸ்டோர்காரர் பேயறைஞ்ச மாதிரி நின்னார்.

ஆனா வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. பாடம் பண்ணின தோலுக்கு எமன் பூச்சிதான். காதுக்குள்ள, கக்கத்துல, குளம்புக்கு இடுக்குல எங்கயாவது ஒரு புழு நுழைஞ்சா ஆறே மாசத்துல மிருகம் சல்லடையாயிடும். இவன் வாரத்துக்கு ஒரு நாள் டார்ச் லைட்டை வாயில கவ்விக்கிட்டு, பதினாலு பேரோட காதையும் பிரிச்சுப் பார்ப்பான். பெத்த பிள்ளைங்க காதை அவன் அப்படிப் பார்த்ததில்லைன்னு என் கொழுந்தியா இன்னிக்கும் குறை சொல்லுவா.

அந்தப் பதினாலு பேர்ல அவனுக்கு உசிரு திருகுக்கொம்பன் மேல. பலகையில ‘மார்க்கோர்’னு எழுதியிருக்கும். காட்டாடுதான், ஆனா ராஜா மாதிரி நிக்கும். தாடி நெஞ்சைத் தாண்டித் தொங்கும். தலைக்கு மேல ரெண்டு கொம்பும் திருகாணி மாதிரி முறுக்கிக்கிட்டு மேல போகும்.

இந்தக் கொம்புலதான் வினையே.

அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பெருமழையில கூரை ஒழுகி நேரா திருகுக்கொம்பன் தலையில ஊத்திடுச்சு. கொம்புங்கிறது ஒரு தொப்பி மாதிரி. உள்ள எலும்பு இருக்கும், மேல உறை இருக்கும். பழசானா உறை தனியா ஆடும், பிடிச்சுத் திருகி இழுத்தா கையோட வந்துடும். ரெண்டையும் கழட்டி ஜன்னலோரம் காய வெச்சோம். ரெண்டு நாள் கழிச்சு நான் ஏணியில ஏறினேன். அவன் கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டான்.

“சகலை, உங்க கையில இருக்கிறது இடதுன்னு நினைக்கிறேன்”னான்.

“நாற்காலிக் காலுக்கு என்னய்யா இடது வலது? எனக்குத் தொழில் சொல்லிக் குடுக்கிறியா?”ன்னு ஒரு அதட்டல் போட்டேன். கல்யாணமான புதுசு, மூத்த சகலையை எதிர்த்துப் பேசுவானா? வாயை மூடிக்கிட்டான்.

கொம்பு இறுக்கமா இருந்தது. இறுக்கமா இருந்தா மனுஷன் யோசிக்கணும்ல? நான் தச்சன். மூட்டு இறுகினா இழைச்சுவிடுறதுதான் எனக்குத் தெரியும். உள்ள இருக்கிற எலும்பை உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சுவிட்டேன். மரச்சுத்தியலால ரெண்டு தட்டு. மூங்கில் ஆப்பு கொம்புக்கு ஒண்ணு சொருகினேன். கல்லு மாதிரி நின்னுச்சு. இறங்கி வந்து, “எப்படி?”ன்னு மீசையை வேற முறுக்கிக்கிட்டேன்.

நாலே நாள்ல அவன் எங்கயோ ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடிச்சு என் பட்டறைக்கு எடுத்துட்டு வந்தான். படத்துல இருக்கிற மார்க்கோருக்குக் கொம்பு வெளிப்பக்கமா விரிஞ்சு திருகுது. நம்மாளுக்கு உள்பக்கமா திருகுது. ரெண்டு கொம்பையும் பக்கம் மாத்தி மாட்டியிருக்கேன்.

“கழட்டி மாட்டிடலாமா சகலை?”ன்னு கேட்டான்.

சரின்னு சொல்லியிருந்தா அரை மணி நேர வேலை. ஆனா எனக்கு இருக்கிற வாய்க்கொழுப்பு எந்தக் கடையிலயும் கிடைக்காது. “எவன்யா கொம்பு திருகுறதை எண்ணிப் பார்க்கப் போறான்? மறுபடி ஏணி போட்டா ஏன் எதுக்குன்னு கேள்வி வரும். போய் வேலையைப் பாரு”ன்னு விரட்டிவிட்டேன்.

அவன் போய் என்ன பண்ணினான் தெரியுமா? திருகுக்கொம்பனை அப்படியே பக்கவாட்டுல திருப்பி நிறுத்திட்டான். பக்கவாட்டுல பார்த்தா வித்தியாசம் தெரியாதாம். அதுல இருந்து பத்தொன்பது வருஷம் அந்த ஆடு சுவத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் நின்னுச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை தயங்கித் தயங்கி, “சகலை, அந்தக் கொம்பு...”ன்னு ஆரம்பிப்பான். நான் வள்ளுன்னு விழுவேன். போயிடுவான். ஒரு நாளாவது யார்கிட்டயாவது என்னைக் காட்டிக் குடுத்தானா? இல்லை. அதனாலதான் எனக்கு அவன் மேல அவ்வளவு எரிச்சல்.

போன வருஷம் புதுக் காப்பாட்சியர் வந்தார், அதாவது அருங்காட்சியகத்துக்கே தலைவர். வந்ததும் வராததுமா மூணாவது கூடத்துக்குள்ள மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்தினார். இதைக் காலி பண்ணி செல்ஃபி கூடம் ஆக்கப் போறேன்னார். சுவத்துல பெரிய றெக்கை வரைஞ்சு வெப்பாங்களாம், ஜனங்க அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்குவாங்களாம். மிருகங்க எல்லாம் நிலவறைக் கிடங்குக்கு. தூசியை நாணயப் பிரிவுக்கு மாத்திடலாம்.

என் சகலைக்கு முகம் செத்துப்போச்சு. “நாணயத்துக்கு ஏது சகலை காது?”ன்னு என்கிட்ட கேட்டான்.

கிடங்குல போட்டா ஒரு வருஷத்துல பதினாலும் பூச்சிக்கு இரைதான், அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஒரு பேராசிரியர் மழைக்கு ஒதுங்கினார். டிக்கெட் எடுத்தாச்சேன்னு மாடிக்கு வந்தவர், ஒழுகுற குடையை எங்க வெக்கிறதுன்னு தெரியாம, தடுப்புக் கயித்தைத் தாண்டிப் போய் சுவரோரமா சாய்ச்சு வெச்சார். நிமிர்ந்தார். எதிர்ல திருகுக்கொம்பன் முகம். பத்தொன்பது வருஷத்துல அந்த மூஞ்சியை நேருக்கு நேர் பார்த்த முதல் வெளியாள் அவர்தான்.

போட்டாரே ஒரு கூச்சல்! கீழ டிக்கெட் கவுண்டர் வரைக்கும் கேட்டுச்சு. காட்டாட்டுக்கு எல்லாம் கொம்பு ஒரு பக்கம் திருகுமாம், வீட்டு ஆட்டுக்கு மறுபக்கம் திருகுமாம். இது காட்டாடு, ஆனா வீட்டாடு மாதிரி திருகியிருக்கு. ஆகக்கூடி ரெண்டு வம்சத்துக்கும் நடுவுல காணாமப் போன சொந்தக்காரன் இவன்தானாம்! மறுநாள் பேப்பர்ல முதல் பக்கத்துல பேராசிரியர், குடை, ஆடு மூணும் சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு. சரி, ஆடு சிரிக்கலை.

காப்பாட்சியருக்குத் தலைகால் புரியலை. வாசல்ல முப்பதடி பேனர். ‘உலகிலேயே ஒரே ஒரு எதிர்த்திருகு ஆடு!’ செல்ஃபி கூடத் திட்டம் அப்படியே பீரோவுக்குள்ள போச்சு. திருகுக்கொம்பனை நேரா திருப்பி, சுத்தி விளக்கு போட்டாங்க. ஜனங்க வரிசை படியிறங்கித் தெரு வரைக்கும் போச்சு. எதிர்த்த சலூன்காரர் ‘எதிர்த்திருகு கட்டிங்’னு போர்டு மாட்டினார். ஒரு பெரிய மனுஷர் என் சகலையைத் தனியா கூப்பிட்டு, “இது பூமிக்கு அந்தப் பக்கம் பொறந்ததாப்பா?”ன்னு ரகசியமா விசாரிச்சார்.

என் பொண்டாட்டி இருக்காளே, போற இடமெல்லாம், “அந்த ஆடு நிக்கிற மேடை எங்க வீட்டுக்காரர் செஞ்சது”ன்னு பீத்திக்கிட்டா. மேடை மட்டுமா செஞ்சேன், அந்த அதிசயமே என் கைவண்ணம்தான்டின்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடும். மென்னு முழுங்கிக்குவேன்.

எல்லாருக்கும் சந்தோஷம், என் சகலையைத் தவிர. கூடம் பிழைச்சாச்சு, நாணயப் பிரிவுல இருந்து தப்பிச்சாச்சு, வேற என்னய்யா வேணும்? இவன் எலும்பும் தோலுமா ஆகிட்டான். ஒரு நாள் என் கொழுந்தியா மூக்கை உறிஞ்சிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா.

“மாமா, அவர் யாரோ ஒரு சாமியார்கிட்ட சிக்கிட்டார்.”

“சாமியாரா?”

“தட்டுல சோத்தைப் போட்டா அதையே பார்த்துக்கிட்டு, ‘பாவம், அந்தத் தாடிக்காரன் என்னைத்தான் நம்பி நிக்கிறான். அவன் மூஞ்சியில முழிக்கவே முடியலை’ங்கிறார். யார் அந்தத் தாடிக்காரன்னு கேட்டா பேச்சை மாத்துறார். எந்த மடத்துல சேர்ந்திருக்கார்னு நீங்கதான் மாமா கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அவளுக்கு வந்த கோவத்துல, நானும் அந்த மடத்துலதான் இருக்கேன்னு முடிவு கட்டி அக்காகிட்ட சொல்லிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் என் வீட்டுல நடந்ததைச் சொன்னா இந்தக் கதை முடியாது.

இதுக்கு நடுவுல உலகத்துல எந்த மிருகத்தோட கொம்புக்கு என்ன அளவுன்னு பதிவு பண்ற சங்கத்துல இருந்து ஒரு அம்மாவை அனுப்பறதா கடிதம் வந்துச்சு. அளந்து பார்த்து, எதிர்த்திருகுன்னு அவங்க எழுதிட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. அதுக்கு ஒரு படிவம் வேற. மிருகத்தைப் பராமரிக்கிறவர் கையெழுத்துப் போடணும். காப்பாட்சியர் என் சகலையைக் கூப்பிட்டு, வெளிப்படையாவே சொல்லிட்டார். “இந்தக் கையெழுத்து விழுந்தா கூடம் இருக்கும், நீயும் இருப்பே. விழலைன்னா கூடத்துக்குப் பூட்டு, உனக்கு நாணயம்.”

அவருக்கு உண்மை தெரியாது. ஏதோ பெரிய உபகாரம் பண்ற நினைப்பு.

அந்தம்மா வர்றதுக்கு முந்தின நாள் மத்தியானம் என் சகலை பட்டறைக்கு வந்து, டீ கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். ஆடை படிஞ்சு போச்சு, குடிக்கலை.

“கையெழுத்துதானேய்யா, கிறுக்கிட்டுப் போயேன். கூடமும் தப்பிக்கும், உன் பதினாலு பேரும் தப்பிப்பாங்க”ன்னேன்.

“தப்பிப்பாங்க சகலை. ஆனா இவன் இப்படியேதான் நிக்கணும். எல்லாரும் வந்து அவனை அதிசயம் அதிசயம்னு சொல்றாங்க. அவன் அழகையே யாரும் பார்க்கலையே.”

“ஆட்டுக்கு என்னய்யா அழகு?”

எனக்கு ஏன்னு தெரியாம கோவம் வந்து, அந்த டீயைப் பிடுங்கி நானே குடிச்சேன். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலையில அந்தம்மா வந்தாங்க. குள்ளமா, கண்ணாடி போட்டுக்கிட்டு, கழுத்துல மாலை மாதிரி ஒரு இரும்பு டேப். பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, என்னை மாதிரி முன்கோபி. பேராசிரியர் குடையோட நின்னார், அன்னிக்கு மழையே இல்லை. காப்பாட்சியர் புதுச் சட்டை. மேடை ஏதாவது ஆடினா சரிபண்ணணும்னு நானும் சுத்தியலோட நின்னேன். அந்தம்மா திருகுக்கொம்பனை நேரா பார்த்தாங்க, சுத்தி வந்து பார்த்தாங்க, “ம்ம்”னாங்க. “முதல்ல படிவம்”னாங்க.

காப்பாட்சியரே சத்தமா படிச்சார். “மேற்படி மிருகத்தின் கொம்பு உள்ளிட்ட எந்த உறுப்பும் என் பொறுப்பில் இருந்த காலத்தில் கழற்றப்படவோ மாற்றப்படவோ இல்லை என உறுதி கூறுகிறேன்.” படிச்சுட்டு, மூடியைக் கழட்டியே பேனாவை நீட்டினார்.

என் சகலை பேனாவை வாங்கினான். படிவத்தைப் பார்த்தான். ஆர்காலியைப் பார்த்தான், மாமனார் மூக்கைப் பார்த்தான், ஒவ்வொருத்தரா பதினாலு பேரையும் பார்த்து முடிச்சான். போட்டுடுய்யா, போட்டுடுய்யான்னு உள்ளுக்குள்ள கத்தினேன்.

பேனாவை மூடி, காப்பாட்சியர் பாக்கெட்லயே சொருகிட்டான். நேரா போய் ஏணியை எடுத்துட்டு வந்து சாத்தினான். ஏறினான். ஆப்பைப் பிடுங்கினான். ரெண்டு கையாலயும் கொம்பைப் பிடிச்சு ஒரு திருகு திருகி இழுத்தான். வந்துடுச்சு.

“அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்க”ன்னான்.

அந்தம்மா பிடிச்சுக்கிட்டாங்க. வேற என்ன பண்ணுவாங்க, கையில குடுத்தா பிடிக்கத்தானே வேணும்! உலக அதிசயத்துல பாதி அவங்க கையில. அடுத்த கொம்பையும் கழட்டி, “சார், நீங்க இதை”ன்னு காப்பாட்சியர்கிட்ட குடுத்தான். அவருக்கு வாய் திறந்தது மூடலை. பேராசிரியர் கையில இருந்து குடை கீழ விழுந்துச்சு. எடுக்கணும்னே அவருக்குத் தோணலை. ஏணி மேல இருந்து என் சகலை ரெண்டு பேரையும் பார்த்து ரொம்பப் பணிவா சொன்னான்.

“இப்ப நீங்க ரெண்டு பேரும் இடம் மாறி நில்லுங்க.”

சத்தியமா சொல்றேன், மாறி நின்னாங்க! அந்தம்மா இந்தப் பக்கம், காப்பாட்சியர் அந்தப் பக்கம். அவன் கையை நீட்ட நீட்ட ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தாங்க. அவன் மாட்டினான். சுத்தியலும் தேவைப்படலை, உப்புத்தாளும் தேவைப்படலை. நான் தேய்ச்சுவிட்ட இடத்துக்கு மட்டும் பாக்கெட்ல இருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து அடைச்சான். பஞ்சை அவன் முன்னாடியே எடுத்து வெச்சிருந்திருக்கான்! அப்புறம் தாடியை ஒரு தடவை நீவிவிட்டு இறங்கினான்.

கொம்பு ரெண்டும் வெளிப்பக்கமா விரிஞ்சு, முறுக்கி, கூரையைப் பார்த்துப் போகுது. அடேயப்பா! இருபது வருஷமா நான் பார்த்த ஆடா இது? ஆட்டுக்கு என்ன அழகுன்னு முந்தின நாள்தான் கேட்டேன். எனக்கு வெக்கமாப் போச்சு.

“எவன் மாத்தி மாட்டினது?”ன்னு காப்பாட்சியர் கத்தினார். முகம் எல்லாம் சிவந்துபோச்சு.

“நான்தான் சார்”னான் என் சகலை.

அந்தம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு, “தனியாவா?”ன்னு கேட்டாங்க.

“தனியாத்தாங்க. ஏணி போட்டு நானே ஏறி...”

பாருங்க, நான் பேசாம இருந்திருக்கலாம். இருக்கணும்னுதான் நினைச்சேன். ஆனா நான் ஏறின ஏணியில அவன் ஏறினதா சொன்னா எனக்குப் பொறுக்குமா?

“என்னய்யா தனியா? கதை விடுறே?”ன்னு நான் சுத்தியலோட நடுவுல பாய்ஞ்சேன். “இடதை வலதுல மாட்டினவன் நான்! எலும்பைத் தேய்ச்சவன் நான்! நீ கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. இது இடதுன்னு அன்னிக்கே சொன்னே. நான்தான் கேக்கலை. சொல்லுய்யா!”

“விடுங்க சகலை, ஏணியைப் பிடிச்சதும் மாட்டினதும் ஒண்ணுதானே.”

“எப்படிய்யா ஒண்ணாகும்? உனக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு, என் தப்பை எல்லாம் நீ எடுத்துக்கிறதுக்கு?”

நாங்க ரெண்டு பேரும் நான் நீன்னு அடிச்சுக்கிறோம். காப்பாட்சியர் நடுவுல நின்னு தலையில அடிச்சுக்கிறார். அந்தம்மா இதுல ஒண்ணையும் காதுல வாங்கலை. டார்ச் லைட்டை எடுத்து ஆர்காலி காதுக்குள்ள பார்க்கிறாங்க. ஐபெக்ஸ் கக்கத்துல பார்க்கிறாங்க. யாக் வயித்துக்கு அடியில தரையில உட்கார்ந்தே பார்க்கிறாங்க. எங்க சண்டை ஓயறப்ப பதினாலையும் பார்த்து முடிச்சிருந்தாங்க.

“ஒரு பூச்சி அரிப்பு இல்லை. நானும் எத்தனையோ ஊர்ல பார்த்திருக்கேன், இப்படிப் பார்த்ததில்லை. யார் பார்த்துக்கிறது?”

என் சகலை திருதிருன்னு முழிச்சான். நான்தான் அவன் கழுத்தைப் பிடிச்சு முன்னாடி தள்ளினேன்.

அந்தம்மா போய் ஒரு அறிக்கை அனுப்பினாங்க. மிருகம் சாதாரண மார்க்கோர்தான், அதிசயம் ஒண்ணும் இல்லை. கீழ ஒரு வரி. இந்த மிருகங்களை எங்கே வைத்தாலும் பராமரிப்பவரையும் உடன் வைக்க வேண்டும், தவறினால் ஓராண்டில் அழியும், அழிந்தால் அதற்கு நிர்வாகமே பொறுப்பு. கடைசி வரியைப் படிச்சதும் காப்பாட்சியருக்கு வேர்த்துடுச்சாம், ஆபீஸ்ல சொன்னாங்க.

பேனரை இறக்கினாங்க. சலூன்காரர் போர்டை மாத்தினார். கூடத்துக்குப் பூட்டு விழுந்துச்சு, றெக்கை வரையுறவங்க வந்துட்டாங்க. எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு நோட்டீஸ் வந்துச்சு. என் பொண்டாட்டி அதைப் படிச்சுட்டு, சாமியார் மடம் இல்லைன்னு உறுதியான சந்தோஷத்துல என்னைக் கொஞ்சமாத்தான் திட்டினா.

மிருகங்களை இறக்குற அன்னிக்குக் கிடங்கு வாசல்ல நின்னு ஒவ்வொண்ணையும் சரிபார்த்து எழுதிக்கிற வேலையை எனக்குக் குடுத்தாங்க. தண்டனைதான், வேற என்ன. நிலவறை, ஜன்னல் கிடையாது, ரெண்டே ரெண்டு டியூப் லைட்டு. ஆபீஸ்ல இருந்து ஒரு பட்டியல் வந்துச்சு. மேல ‘கிடங்குக்கு மாற்றப்படும் இனங்கள்’னு தலைப்பு. வரிசை எண், விவரம், எண்ணிக்கை, நிலை.

ஒவ்வொருத்தரா வண்டியில வந்து இறங்கினாங்க. நான் மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்து நிலை எழுதினேன். ஆர்காலி, நல்ல நிலையில். நீலச்செம்மறி, நல்ல நிலையில். டாக்கின் மூக்கு கதவுல இடிச்சுச்சு, என் சகலை, “பார்த்து மாமா”ன்னான். திருகுக்கொம்பன் கடைசியா வந்தான், கதவைப் பார்த்து நேரா நிறுத்தினோம்.

பக்கத்தைத் திருப்பினேன். பட்டியல் முடியலை. இன்னும் ஒரு வரி இருந்துச்சு. எந்தக் குமாஸ்தா அந்தம்மா அறிக்கையை வெச்சுக்கிட்டு வரிக்கு வரி தட்டினானோ, தெரியலை.

‘15. தூசி தட்டும் ஊழியர். எண்ணிக்கை: 1.’

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “மனுஷனை மிருகத்தோட பட்டியல்ல போடுறானுங்களா? குடு, நான் நேரா மேல போயி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்”ன்னு பாய்ஞ்சேன்.

அவன் என் கையில இருந்து தாளை வாங்கிப் படிச்சான். மறுபடி ஒரு தடவை படிச்சான். மூஞ்சி எல்லாம் பல்லாயிடுச்சு.

“சகலை, என்னையும் சேர்த்துட்டாங்க!”

“யோவ், இதுல சிரிக்க என்ன இருக்கு?”

அவன் காதுல எங்க விழுது? சட்டையை உள்ள விட்டான். தலையைக் கையாலயே படிய வெச்சான். பிரஷை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு, டாக்கினுக்கும் யாக்குக்கும் நடுவுல இருந்த இடத்துல போய் விறைப்பா நின்னுக்கிட்டான்.

“எழுதுங்க சகலை. பதினஞ்சு.”

“விளையாடாதேய்யா.”

“எழுதுங்க.”

எழுதணும்னா பார்க்கணும், பார்க்காம நிலை எழுதக்கூடாது, அதுதான் முறை. பார்த்தேன். தலை பாதி நரைச்சிருந்துச்சு. எப்ப நரைச்சதுன்னு எனக்குத் தெரியலை. கையில தோல் சுருங்கியிருந்துச்சு. இருபது வருஷமா திட்டியிருக்கேனே ஒழிய அவனை ஒரு நாள் நான் இப்படி நின்னு பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துடுச்சு, அதை மறைப்பானேன்? கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு, பதினஞ்சுக்கு நேரா ‘மிக நல்ல நிலையில்’னு எழுதினேன்.